ஆடியில் மாற்றிய கம்ப்யூட்டர்

அத்தியாயம் 9

திருடன் கெட்டிக்காரனா, மடையனா என்று அஸ்லமால் முடிவு கட்ட முடியவில்லை.

உத்திரமேரூர் பஜார் தெருவில் இருந்த ‘வகிதா வீடியோ மிக்ஸிங்’ கடையின் ஏசி அறைக்குள் இரண்டு மேஜைகள். முதல் மேஜையில் ஆடி பிறந்ததும் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர், கறுப்பு டப்பாவும் தட்டை மானிட்டருமாகப் பளபளத்தது. இரண்டாவது மேஜையில் காலை வரை இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காணோம். சுற்றிலும் தூசி. நடுவில் அந்த டப்பா உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

“மேடம், புதுச் செருப்பை வுட்டுட்டு பிஞ்ச செருப்பைத் தூக்கிக்கினு போற திருடனை இப்பதான் பாக்குறேன்” என்றான் அஸ்லம்.

பவளம் சிரிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்கும் தொழிலில் பத்து வருடம் ஊறியவள். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இப்போது துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதவியாளான அஸ்லம் ஒரு எட்டுப் பின்வாங்கினான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. புள்ளலூர் விவசாயி அரவிந்தன் செங்கல்பட்டு சிறையில் கிடக்கிறான். வாய்க்கால் தகராறில் பண்ணைக்காரரின் மோட்டார் கொட்டகைக்குத் தீ வைத்தான், தடுக்க வந்த பண்ணைக் கணக்குப்பிள்ளை பஞ்சாட்சரத்தின் வலது கையை இரும்புத் தடியால் அடித்து உடைத்தான் என்று வழக்கு. ஆனால் கொட்டகை எரிந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் இங்கே, உத்திரமேரூரில், நண்பன் அன்வரின் நிக்காஹ் விருந்தில் வாளியும் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டிருந்தான். நண்பர்கள் சொன்னால் கோர்ட் நம்புமா? நாளைக் காலை ஜாமீன் விசாரணை. மனு தள்ளுபடியானால் சொர்ணவாரிப் பருவத்து நெல் அறுக்க ஆளில்லாமல் வயலிலேயே கொட்டும். அவன் மனைவி கல்பனா வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நிக்காஹ்வைப் படம் பிடித்து மிக்ஸிங் செய்தவர்தான் கடைக்காரர் ஜெகபர் சாதிக். நேற்று போனில், “முழு ஃபுட்டேஜும் கம்ப்யூட்டர்ல கீது மேடம், வந்து வாங்கிக்கினு போங்க” என்று உற்சாகமாகச் சொன்ன மனிதர், இன்று உலர்ந்த உதடுகளோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஜும்மாவுக்குப் போய்ட்டு வந்தேன். பின்பக்கக் கதவு தொறந்து கெடந்துச்சு. பழைய மிஷின் போச்சு” என்றார்.

“கல்யாண வீட்டுக்குக் குடுத்த சிடியில பந்தி இருக்குமே?” என்றாள் பவளம்.

“இல்லீங்க மேடம். சொந்தக்காரங்க சாப்பிடுறது மட்டும் போதும்னு மாப்ள வூட்ல சொன்னாங்க. பரிமாறுறவங்களை வெட்டித் தள்ளிட்டேன். அதில்லாம மிக்ஸிங் பண்ண சிடியில தேதியும் மணியும் வராது. கேமராவுலேந்து ஏத்தின ஃபுட்டேஜுலதான் அது அப்படியே நிக்கும்.”

“கேமரா டேப்பு?”

ஜெகபர் தலையைக் குனிந்தார். “கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் டேப்பை ரீவைண்டு பண்ணி அடுத்த நிக்காஹ்வுக்குப் போட்ருவோம் மேடம். எல்லா மிக்ஸிங் சென்டர்லயும் அதான் வழக்கம்.”

அஸ்லம் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒரு மனுஷனின் தலையெழுத்து மேல் இன்னொருத்தன் கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

பவளம் காலியான மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். ஒயர்கள் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தன. மானிட்டர் ஒயரின் இரண்டு திருகாணிகளும் பத்திரமாக இருந்தன. விரலால் ஒயரைத் தடவி, விரலைப் பார்த்தாள். தூசி.

“அவசரத்துல வந்த திருடன் இவ்ளோ பொறுமையா ஒயரைச் சுருட்டி வச்சிட்டுப் போவானா மேடம்? நம்ம ஆபீஸ் ப்யூனே வந்து எடுத்துக்கினு போன மாதிரி கீது” என்றான் அஸ்லம்.

“பாய், எதுக்குக் கம்ப்யூட்டர் மாத்துனீங்க?” என்று ஜெகபரைக் கேட்டாள் பவளம்.

“பழசு தாங்கலை மேடம். ஒரு பாட்டுக்கு எஃபெக்ட் போட்டு ரெண்டர் குடுத்துட்டு, நாஷ்டா சாப்ட்டுட்டு வந்தாலும் பாதிதான் ஓடியிருக்கும். நடுவுல கரண்ட் போனா எல்லாம் மொதல்லேந்து. ஆவணி பொறந்தா மூச்சு வுட நேரம் இருக்காது. ஆடில நம்மாளுங்க நிக்காஹ் மட்டுந்தான், வேலை கம்மி. அதான் இப்பவே மாத்தினேன்.” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அஸ்லம் உள்ளே வந்ததிலிருந்து நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பார்க்கிறார். “பழசை எக்ஸ்சேஞ்சுக்குத் தரேன்னு பஸ் ஸ்டாண்டாண்ட சேட்டு கம்ப்யூட்டர்ஸ்ல சொல்லியிருந்தேன். போற வழில அவராண்ட டப்பா போய்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

எரிகிற வீட்டில் நின்றுகொண்டு பழைய பேப்பர்காரனைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று அஸ்லமுக்கு எரிச்சலாக வந்தது.

அறைக்கு வெளியே, வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு, மடியில் செல்போன். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. அஸ்லம் சும்மா இருக்க மாட்டாதவன். அவர் பக்கத்தில் போய் நின்றான்.

“இன்னா சார், உங்க கேசட்டும் போச்சா?”

“தெரியலப்பா. எங்க தம்பி கல்யாணம். போன வாரந்தான் ஆச்சு. சிடி வாங்கலாம்னு வந்தா இங்க ஒரே பேஜாரா கீது.”

“ஒரு வாரத்துலயேவா? பொண்ணும் மாப்ளையுமே இன்னும் ஒழுங்கா பேசிக்கினு இருக்க மாட்டாங்க, அதுக்குள்ள சிடியா?”

அந்த ஆள் சிரித்தார். எதிரே மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற கூட்டம். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு காதைக் கிழித்தது.

கிளம்பும்போது ஜெகபர் வாசல் வரை வந்தார். “மேடம், மறந்துடாதீங்க. சேட்டாண்ட சொல்லிடுங்க.”

*

சேட்டு கம்ப்யூட்டர்ஸ் வாசலில் ‘ஆடித் தள்ளுபடி’ என்று துணி பேனர் தொங்கியது. உள்ளே ஆறேழு டப்பாக்கள் வயிறு கிழிந்து கிடக்க, நடுவில் ஸ்க்ரூடிரைவரைக் காதில் சொருகியபடி சேட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும், மாற்றினாலும் அவர் கை படாமல் நடக்காது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறவில்லை. சிரித்தார்.

“பழைய டப்பாவைத் தூக்கிக்கினு போனானா? போவட்டும். உள்ள ஃபேன் கீது, பல்லி முட்டை கீது. இன்னா பண்ணுவான்?”

பவளத்தின் கை கண்ணாடிக்குப் போய் அப்படியே நின்றது. “ஹார்ட் டிஸ்க்?”

“அது எப்படி மேடம் அதுல இருக்கும்? மிக்ஸிங் வேலைக்கு மிஷின் மாத்துறதுன்னா சும்மாவா? ஒரு கல்யாண ஃபுட்டேஜை மிஷின் வுட்டு மிஷின் காப்பி பண்றதுக்குள்ள நமக்கே அறுபதாம் கல்யாணம் வந்துடும். எல்லாருக்கும் செய்யுற மாதிரி, பழைய டிஸ்க்கை அப்படியே கழட்டி புது மிஷின்ல ரெண்டாவதா மாட்டிக் குடுத்துட்டேன். பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சதே பாய்தான்.”

அஸ்லமுக்கு ரத்தம் கொதித்தது. “அப்ப அந்த ஆளுக்குத் தெரியும்! ஃபுட்டேஜ் அவர் மூக்குக்கு முன்னாடி புது மிஷின்ல கீது. தெரிஞ்சிக்கினே நம்மாண்ட போச்சு போச்சுன்னு அழுதிருக்காரு. பண்ணைக்காரன் ஆளுங்க கவனிச்சிட்டாங்க மேடம். வாங்க, போய் சட்டையைப் புடிப்போம்.”

“உக்காரு.”

“நாம போறதுக்குள்ள அழிச்சிடுவாரு மேடம்!”

“அழிக்கிறவர் நம்மளை எதுக்கு இங்க அனுப்பினாரு?” என்றாள் பவளம். “சேட்டாண்ட சொல்லுங்க, சேட்டாண்ட சொல்லுங்கன்னு ரெண்டு தடவை. சேட்டு வாயைத் தொறந்தா டிஸ்க் எங்கன்னு நமக்குத் தெரிஞ்சிடும்னு அவருக்குத் தெரியாதா? பொய் சொன்னது நம்மகிட்ட இல்ல, அஸ்லம். நம்ம கூட அங்க இன்னொரு காது இருந்துச்சு.”

“யாரோட காது?” என்றான் அஸ்லம்.

“இது என்ன மாசம்?”

“ஆகஸ்ட்டு.”

“தமிழ்ல.”

பதில் அவன் தலைக்கு மேலேயே பேனரில் தொங்கிக்கொண்டிருந்தது. அஸ்லம் அண்ணாந்து பார்த்தான். நிக்காஹ்வுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான் என்பதால் அவன் மண்டையில் அதுவரை உறைக்கவில்லை.

“அடப்பாவி! ஆடியில எவன் வூட்ல தம்பிக்குக் கல்யாணம்?”

“அதுவும் அம்மனுக்குக் காப்புக் கட்டின கை. காப்புக் கட்டினா ஊர்லயே தாலி கட்ட மாட்டாங்க. அவன் வாடிக்கையாளர் இல்ல, காவல். ஜும்மா நேரத்துல ஆளுங்க வந்து மிரட்டியிருக்காங்க. பாய் காலி டப்பாவைக் காட்டிக் குடுத்துத் தப்பிச்சிருக்காரு. டப்பா போச்சு. நாம வந்தா பாய் என்ன பேசுறாருன்னு பாக்க ஒருத்தன் மட்டும் உக்காந்துட்டான்.”

அஸ்லமுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் ஜெகபரின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினோமே என்று மனசு குத்தியது. அடுத்த நொடி வேறொரு பயம் வந்தது.

“மேடம், டப்பாவைக் கொண்டு போனவனுங்க தொறந்து பாத்தா?”

“பாத்ததும் அவன் செல்போன் அடிக்கும். அப்புறம் புது மிஷினும் தப்பாது, பாயும் தப்ப மாட்டாரு. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி முடிக்கிற வரைக்கும் அவன் டீயைச் சப்பிக்கிட்டு இருக்க மாட்டான்.” அவள் சேட்டுவின் டெலிபோனை இழுத்தாள். “முதல்ல பாய் வீட்டு நம்பர் சொல்லுங்க. அவர் கண்ணு கடிகாரத்தை விட்டு நகரலை. ஸ்கூல் போற பிள்ளை இருக்கா?”

“ஷப்ரீன். ஆறாவது படிக்குது” என்றார் சேட்டு. அவர் சிரிப்பு இப்போது காணாமல் போயிருந்தது.

பவளம் ஜெகபரின் மனைவி வகிதாவிடம் இரண்டே வாக்கியம் பேசினாள். பிள்ளையை இப்போதே பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும், கடைப் பக்கம் வரக் கூடாது. போனை வைத்துவிட்டு மூலையில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

“சேட்டு, உங்களுக்குக் கோபமா நடிக்க வருமா?”

“பத்து வருஷமா கஸ்டமர்ங்களைப் பாத்துக்கினு கீறேன் மேடம். நடிக்கவே வேணாம்.”

*

சேட்டு தன் டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் போக, பவளத்தின் பழைய வேன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போய் நின்றது. கடைக்குள் அஸ்லம் நுழையும்போது சேட்டுவின் குரல் அம்மன் பாட்டையே அமுக்கிக்கொண்டிருந்தது.

“இன்னா பாய் நீ! புது மிஷின் ரெண்டர்ல நின்னு நின்னு போவுதுன்னு போன் மேல போன் போடுற. மதர்போர்டு மாத்தணும்னா இன்னிக்கே மெட்ராஸுக்கு அனுப்பணும். வண்டி கெளம்புது. கழட்டு, கழட்டு!”

ஜெகபர் ஒரு நொடி திகைத்தார். பார்வை பவளத்தின் மேல் போய், அஸ்லமின் மேல் போய், திரும்பியது. அவர் அப்படிப் போன் எதுவும் போடவில்லை.

“ஆமா சேட்டு. மறந்தே பூட்டேன்” என்றார் மெதுவாக.

நாற்காலி ஆள் எழுந்தார். “இன்னா பாய், இதையும் எடுத்துக்கினு போறாங்க? அப்ப எங்க தம்பி சிடி?”

“உங்க தம்பி கல்யாணம் பழைய மிஷின்லதானே இருந்துச்சு சார்? அதுதான் போச்சே. இதுல ஒண்ணுமில்ல. புதுசு.”

சொல்லும்போது குரல் பிசிறவில்லை, ஆனால் மானிட்டர் ஒயரின் திருகாணி இரண்டு தடவை அவர் விரலிலிருந்து நழுவியது. அஸ்லம் அதைப் பார்த்தான். அந்த ஆள் பார்த்துவிடக் கூடாதே என்று நடுவில் போய் நின்றுகொண்டான்.

“சார், நாங்களும் கெளம்புறோம். இந்தக் கேஸு படுத்துடுச்சு. மேடம் ஒரே அப்செட். நீங்களாவது வேற நல்ல மிக்ஸிங் சென்டரா பாத்துக்குங்க” என்று முகத்தைத் தொங்கப் போட்டான்.

அந்த ஆளின் முகம் மலர்ந்தது. துப்பறிய வந்தவர்கள் தோற்றுப் போகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? மடியில் கிடந்த செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டிக்குள் கம்ப்யூட்டர் இறங்கி, தெர்மகோல் வைத்து, மூடியாகிவிட்டது. சேட்டு தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். அது நடிப்பா நிஜமா என்று அஸ்லமுக்கே விளங்கவில்லை.

“சார், ஒரு கை புடிங்க சார். புண்ணியமாப் போவும்.”

இது திட்டத்தில் இல்லை. அந்த ஆள் ஒரு கணம் யோசித்தார். சீக்கிரம் தொலைந்தால் சரி என்று நினைத்தாரோ என்னவோ, சேட்டுவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியை அலாக்காகத் தூக்கி வாசல் படியிறங்கி டிவிஎஸ் ஃபிப்டியின் முன்பக்கம் வைத்தார். மஞ்சள் கயிறு கட்டிய கையால் பெட்டியைத் தட்டி, “பாத்துப் போங்க” என்று வழியனுப்பியும் வைத்தார்.

“பாய், நீங்களும் வாங்க. வண்டிக்காரன் ஓனர் கையெழுத்து கேப்பான்” என்று சேட்டு கத்தினார்.

ஜெகபர் ஷட்டரை இழுத்தார். பூட்டு போடும்போதுதான் அது நடந்தது. அந்த ஆளின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

“சொல்லு” என்றார் அவர். கேட்டார். கேட்கக் கேட்க முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கி, தாடை இறுகியது. “இன்னாது? காலியா?”

“ஓடுங்க பாய்!” என்று அஸ்லம் ஜெகபரின் கையைப் பிடித்து இழுத்தான். டிவிஎஸ் ஃபிப்டி கூழ்ப் பானைகளுக்கு நடுவே புகுந்தது. அந்த ஆள் கெட்ட வார்த்தையோடு பாய்ந்தபோது, குடமும் குண்டானுமாகக் கோயில் வரிசையில் நின்ற பெண்கள் அவரைத் தாண்ட விடவில்லை. “காப்புக் கட்டிக்கினு இன்னா பேச்சு பேசுற!” என்று ஒருத்தி குண்டானை ஓங்கினாள்.

அதற்குள் பவளம் தெரு முனைக்குக் கொண்டுவந்திருந்த வேனுக்குப் பெட்டி மாறியது; எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். நேர்வழி வேண்டாம் என்று பவளம் பழையசீவரம் வழியாகச் சுற்றி ஓட்டினாள். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஜெகபர் வாய் திறந்தார்.

“மூணு பேர் வந்தாங்க மேடம். அந்த நிக்காஹ் படம் இருக்கிற கம்ப்யூட்டரைக் குடு, இல்லாட்டி உன் பொண்ணு ஸ்கூல் வுட்டு வர்ற வழி எங்களுக்குத் தெரியும்னான். பழசைக் காட்டிட்டேன். நானே ஒயரைக் கழட்டி, சுருட்டி வச்சிட்டுக் குடுத்தேன். கை பழக்கம்…” அழுதுவிட்டார். “எம் பொண்ணு…”

“உங்க வீட்டம்மாவோட பத்திரமா இருக்கா” என்றாள் பவளம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அஸ்லம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டான்.

*

காஞ்சிபுரத்தில் வக்கீல் ஆபீஸ் மானிட்டரில் ஒயரைச் சொருகி, ஜெகபர் அன்வர் நிக்காஹ்வின் வெட்டாத ஃபுட்டேஜை ஓட்டினார். கல்பனா வக்கீலின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகை இறுகப் பிடித்திருந்தாள்.

பந்தி வந்தது. ஓரத்தில் தேதி, மணி. கைலியை மடித்துக் கட்டி, இடது கையில் வாளியும் வலது கையில் கரண்டியுமாக வியர்த்து விறுவிறுத்து வந்தான் அரவிந்தன். கல்பனா வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் மேஜையைத் தட்டினார். “போதும்மா! கொட்டகை எரிஞ்சதாச் சொல்ற அதே நேரம். நாளைக்கு ஜாமீன் நிச்சயம்.”

“நிறுத்துங்க பாய்” என்றாள் பவளம். “கொஞ்சம் பின்னால. அங்க.”

படம் நின்றது. அரவிந்தன் கரண்டியைச் சாய்த்துப் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தான். போடுகிறவன் தட்டைத்தான் பார்த்தான். எத்தனையோ பேருக்குப் போடுகிறவன் ஒவ்வொரு மூஞ்சியையும் நிமிர்ந்தா பார்ப்பான்? தட்டுக்குப் பின்னால், வலது கையை நீட்டி ‘இன்னும் போடு’ என்று காட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் அஸ்லம் துள்ளி எழுந்தான்.

“மேடம்! நம்ம நாற்காலிக்காரன்! தம்பி கல்யாண சாரு!”

கல்பனா திரையருகே வந்தாள். அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“இவுரா? இவுருதான் பஞ்சாட்சரம். எங்க வூட்டுக்காருதான் கையை ஒடிச்சாருன்னு கம்ப்ளெயின்ட் குடுத்த கணக்குப்பிள்ளை. அன்வரு வூட்டுக்கும் பண்ணைக்கும் நெல்லு வியாபாரம் உண்டு.”

புள்ளலூருக்குப் போனபோதெல்லாம் ‘கை கட்டு போட வெளியூர் போயிருக்கார்’ என்று சொல்லி ஏன் அந்த ஆளைக் கண்ணிலேயே காட்டவில்லை என்பது அஸ்லமுக்கு இப்போது புரிந்தது. புள்ளலூரில் அடிபட்டதாகச் சொன்ன நேரத்தில், அடித்ததாகச் சொன்னவன் கையாலேயே உத்திரமேரூரில் பிரியாணி வாங்கித் தின்றிருக்கிறான்.

“அவன் காக்க வந்தது பண்ணைக்காரரை இல்ல. தன்னையே” என்றாள் பவளம்.

“ஒடைஞ்ச கையாச்சே மேடம், பாவம்” என்றான் அஸ்லம். “அந்தக் கையாலதான் இந்த டப்பாவை அலாக்காத் தூக்கி வண்டில வச்சி, பாத்துப் போங்கன்னு சொல்லி அனுப்பினான்.”

வக்கீல் வெடித்துச் சிரித்தார். சேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெகபர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

கல்பனா மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சாட்சரத்தை விட்டு அவள் கண் எப்போதோ நகர்ந்துவிட்டது.

“அண்ணே, எங்க வூட்டுக்காரு மூஞ்சி தெரியுற எடத்தை இன்னொரு வாட்டி போடுங்க” என்றாள்.